தாளில் இல்லாத கம்மல்

பிப்ரவரி 3, செவ்வாய்

குளியல் தொட்டிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். தண்ணீர் இல்லை, தலையணை இருக்கிறது. இந்த வீட்டில் தாழ்ப்பாள் உள்ள ஒரே கதவு இந்தக் கதவுதான். அம்மா மூன்றரைக்கு வேலைக்கு எழுந்துவிடுவாள். அதற்குள் போய்ப் படுத்துவிட வேண்டும்.

அல்ஜீப்ரா தேர்வு சுமார்தான். சாப்பாட்டு இடைவேளையில் என் தோழி பெட்டினா என் முடியை விலக்கிக் காதைப் பார்த்தாள். "சீழ் பிடிக்கல. நான்தான்டி இந்த ஊருக்கு அடுத்த டாக்டர்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஐஸ் கட்டியும் தையல் ஊசியும் வைத்து என் வலது காதின் மேல்மடலில் துளை போட்டவள் அவள். சின்ன வெள்ளைக் கல் வைத்த பொட்டுக் கம்மல். அதன் ஜோடியை அவளே வைத்துக்கொண்டாள். பதினாறு வயதுக்குள் இன்னொரு துளை போட்டால் ஒரு வருடம் போன் கிடையாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். எனக்குப் பதினான்கு. அதனால் முடியைக் கட்டாமல் திரிகிறேன்.

இரவுச் சாப்பாட்டில் வழக்கமான சண்டை. அப்பா அரசு ராக்கெட்டில் தரப் பரிசோதகர், இருபத்திரண்டு வருடமாக. அம்மாவும் அங்கேதான் இருந்தாள். மூன்று வருடத்துக்கு முன்னால் சாண்டர்லிங் என்ற தனியார் கம்பெனிக்குப் போய்விட்டாள். அலைக்கு முன்னால் தத்தித் தத்தி ஓடுமே, அந்தச் சின்னப் பறவையின் பெயர். மொத்தமே தொண்ணூறு பேர். இதுவரை இரண்டு ராக்கெட் விட்டார்கள், இரண்டும் கடலில் விழுந்தன. மூன்றாவது வருகிற 19-ஆம் தேதி.

"இந்தத் தடவையாவது மேல போகுமா நோரீன், இல்ல இதுவும் மீனுக்குத்தானா?" என்றார் அப்பா.

"விழறதுக்காவது எங்களோடது மேல போகுது. உன்னோடது ஆறு வருஷமா கண்ணாடி முன்னாடி நின்னு தலை சீவிட்டிருக்கு."

அப்பாவுக்குச் சிரிப்பு தாங்காமல் மீன் புரையேறிவிட்டது. சண்டை போடும்போதுதான் இரண்டு பேரும் நன்றாகச் சாப்பிடுகிறார்கள். ஒரு ராக்கெட்டின் விலையில் பாதி உலோகமில்லை, சும்மா காத்திருக்கிறவர்களின் சம்பளம் என்பாள் அம்மா. அப்படிக் காத்திருக்கிறவர்களால்தான் போனவர்கள் உயிரோடு திரும்புகிறார்கள் என்பார் அப்பா. யார் சொல்வது சரி? பேசுகிறவர் முகத்தைப் பார்த்தால் அவர் சொல்வதே சரி என்று தோன்றுகிறது.

பிப்ரவரி 7, சனி

இன்று சாண்டர்லிங்கில் குடும்ப நாள். அப்பா வாசலில் போட்ட சாப்பாட்டுக் கூடாரம் வரைக்கும்தான் வந்தார். எதிரி முகாமில் ஹாட் டாக் சாப்பிடுவது பாவமில்லையாம், உள்ளே போவதுதான் பாவமாம்.

உள்ளே போகும் முன் ஒரு தாள் தருகிறார்கள். மோதிரம் எத்தனை, கம்மல் எத்தனை, கடிகாரம், நாணயம், சட்டையில் பட்டன் எத்தனை என்றுகூட. உள்ளே கொண்டுபோனது அத்தனையும் வெளியே வந்ததா என்று திரும்பும்போது சரிபார்ப்பார்கள். கழற்ற முடியாத மோதிரத்தின் மேல் டேப் ஒட்டிவிடுகிறார்கள். நான் கீழ்க்காதுக் கம்மல் இரண்டையும் கழற்றி டப்பாவில் போட்டேன். "வேற?" என்றாள் அம்மா. "இல்ல." அவள் 'கம்மல்: இல்லை' என்று எழுதி, எனக்குப் பொறுப்பாளி என்று கையெழுத்துப் போட்டாள்.

சொன்னது பொய்தான். ஆனால் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? அத்தனை பேர் முன்னால்?

ராக்கெட் படுத்துக்கிடந்தது. படத்தில் பார்ப்பது வேறு. வெள்ளையாக, எங்கள் தெரு நீளத்துக்கு, மூச்சு விடாமல் தூங்குகிற மாதிரி. அப்பாவின் இடத்தில் குடும்பங்கள் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நின்றுதான் பார்க்க வேண்டும். இங்கே கையை நீட்டினால் தொட்டுவிடலாம். அம்மாவின் தலைவர் கின்டானா சொன்னார்: "இங்க கண்ணாடியெல்லாம் கிடையாது பாப்பா. கண்ணாடி வாங்கக் காசு இல்ல."

முதல் கட்டமும் இரண்டாம் கட்டமும் சேரும் இடத்தில் ஒரு சின்னக் கதவு திறந்திருந்தது. "உங்கம்மா கைவேலையப் பாக்கணுமா? தலைய மட்டும் உள்ள விடு. கை வெளியவே இருக்கணும்" என்றார். வாசலில் மாட்டிவிட்ட பாதுகாப்புத் தொப்பியோடு தலை நுழையவில்லை. "கழட்டு, பரவால்ல."

உள்ளே கம்பிகள் கட்டுக்கட்டாக ஓடின. ஒவ்வொரு நான்கு விரற்கடைக்கும் மெழுகு நூலில் ஒரு முடிச்சு. எல்லா முடிச்சும் ஒரே அளவு, ஒரே பக்கம் பார்த்தபடி. யாரும் பார்க்கப் போவதில்லை, இரண்டரை நிமிடம் வேலை செய்துவிட்டுக் கழன்று போகிற இடம். எங்கள் வீட்டில் ஒரு பட்டனைக்கூட அம்மா ஒழுங்காகத் தைத்ததில்லை. என் அம்மாவா இதைச் செய்தாள்? தலையை வெளியே எடுக்கும்போது முடி எதிலோ மாட்டிச் சுருக்கென்றது. கின்டானா மெதுவாக எடுத்துவிட்டார்.

"எப்படி?" என்றாள் அம்மா.

"நல்லாருக்கு" என்று மட்டும் சொன்னேன். முட்டாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

காதில் கம்மல் இல்லை.

பிப்ரவரி 8, இன்னும் ஞாயிறுதான்

தூக்கம் வரவில்லை. தலையணை உறை, சீப்பு, ஸ்வெட்டர், காரின் இருக்கை, இருக்கைக்கு அடியில், குளியலறை வடிகால், குப்பை, வாக்யூம் கிளீனரின் பை எல்லாம் பார்த்துவிட்டேன். பையில் இருந்ததைச் செய்தித்தாளில் கொட்டி விரலால் கிளறினேன். பல்லி முட்டை ஓடு ஒன்று இருந்தது. கம்மல் இல்லை.

முடி மாட்டியதே. சுருக்கென்றதே. அப்போதுதான். அப்போதேதான்.

பிப்ரவரி 9, திங்கள்

சாப்பிடும்போது, பள்ளிப் பாடத்துக்காகக் கேட்கிற மாதிரி கேட்டேன்: "ராக்கெட்டுக்குள்ள ஏதாவது சின்னது விழுந்துட்டா என்னப்பா ஆகும்?"

அப்பா முள்கரண்டியைக் கீழே வைத்தார். அவருக்கு மிகவும் பிடித்த கதை. ஒரு முறை ஒரு பேனா மூடி காணாமல் போனதாம். மூன்று வாரம் நிறுத்திவிட்டார்களாம், நாற்பது பேர், ஒவ்வொரு பலகையாகக் கழற்றினார்களாம். கடைசியில் அது ஒரு ஆளின் சாப்பாட்டுப் பைக்குள் இருந்ததாம். "மூணு வாரம். ஒருத்தரும் ஏன்னு கேக்கல. நிறுத்துங்கன்னு சொன்னது யாரு? நான்."

"மூணு வாரம் சும்மா கிடந்தா எங்களுக்குக் கம்பெனியே இருக்காது லைல்" என்றாள் அம்மா. "இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் சம்பளத்துக்குப் பணம் இருக்கு. அதுக்குள்ள மேல போகணும். போனாத்தான் காசு போட்டவங்க அடுத்த தவணையக் குடுப்பாங்க."

விளையாட்டாகச் சொல்லவில்லை. ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். உலோகத் துண்டு ஒன்று வால்வில் சிக்கினால்? கம்பிகளுக்கு நடுவே போய் இரண்டைச் சேர்த்துவிட்டால்? சொன்னால் நாள் போகும், கம்பெனி போகும், கையெழுத்துப் போட்டது அம்மா. சொல்லாவிட்டால் மூன்றாவதும் கடலில் விழும். இரண்டிலும் அம்மாதான்.

பிப்ரவரி 10, செவ்வாய்

அறிவியல் கூடத்துத் தராசில் பெட்டினாவிடம் இருக்கும் இன்னொரு கம்மலை நிறுத்துப் பார்த்தேன். 0.6 கிராம். "எதுக்குடி?" என்றாள். "சும்மா."

அப்பாவின் ஆரம்ப காலத்து அரசு ராக்கெட்டில் ஒரு கிலோவை மேலே கொண்டுபோக ஐம்பதாயிரம் டாலருக்கு மேல் ஆகுமாம். அந்தக் கணக்கில் என் கம்மலுக்குக் கூலி முப்பது டாலர். அம்மாவின் கம்பெனி ஆறாயிரம் டாலரில் கொண்டுபோவேன் என்கிறது. அப்படியென்றால் மூன்று டாலர் அறுபது சென்ட். ஜோடியை ஏழு டாலருக்கு வாங்கினோம், ஒன்று மூன்றரை டாலர். பொருளின் விலையும் அதை விண்வெளிக்குக் கொண்டுபோகும் கூலியும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டது! தொண்ணூறு பேர் சேர்ந்து செய்திருக்கிறார்கள் இதை.

அம்மாவிடம் சொன்னால் துள்ளுவாள். சொல்ல முடியாது.

பிப்ரவரி 11, புதன்

சொல்லவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

பள்ளியிலிருந்து கூட்டிவரும்போது, பாலத்தின் சிவப்பு விளக்கில். அப்பா நிறுத்துவார், அவர்தானே பேனா மூடிக்கு நிறுத்தியவர், அவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன். விளக்கு பச்சையாகியும் வண்டி நகரவில்லை. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.

ஓரமாக நிறுத்திவிட்டு, ஆற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத."

"அப்பா?"

"அரை கிராம். ஒண்ணும் ஆகாது ட்ரூடி. நீ வேற எங்கயாவது தொலைச்சிருப்ப. இப்ப சொன்னா உங்கம்மா பேட்ஜ் போயிடும், அவளோட தொண்ணூறு பேரும் தெருவுல நிப்பாங்க. வேணுமா உனக்கு?"

அரை கிராம். பேனா மூடி எத்தனை கிராம் இருக்கும்?

வீடு வந்தது. இறங்கும்போது என் தலையில் கை வைத்தார். வண்டியை அணைக்கவே மறந்திருந்தார். அவருக்கும் பயம். எனக்கு இருக்கும் அதே பயம். அதைத் தெரிந்துகொண்ட பிறகு இன்னும் பயமாக இருக்கிறது, ஏனென்றால் இனிமேல் சொல்வதற்குப் பெரியவர் யாரும் இல்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

அம்மா பாட்டு முணுமுணுத்தபடி வந்தாள். அந்தச் சின்னக் கதவை இன்று மூடிவிட்டார்களாம். பன்னிரண்டு திருகுகள், கடைசித் திருகு அவள் போட்டது. திங்கட்கிழமை ஏவுதளத்துக்குக் கொண்டுபோய் நிமிர்த்துவார்கள். வலது கையில் கொப்புளம். அதை எங்களிடம் பதக்கம் மாதிரி காட்டினாள். அப்பா கொப்புளத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

பன்னிரண்டு திருகு. நான் என்ன செய்யப் போறேன்.

பிப்ரவரி 14, சனி, விடிகாலை

சொல்லிட்டேன். சொல்லிட்டேன்.

எழுதிக்கொண்டே தொட்டியிலேயே தூங்கிவிட்டிருக்கிறேன். அம்மா கதவைத் தட்டினாள். திறந்தேன். தலையணை, டார்ச், நோட்டு எல்லாம் பார்த்தாள். "தொட்டிக்குள்ள என்னடி பண்ற?"

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். பொய் வாயில் வந்தே விட்டது. ஆனால் அவள் கையில் கொப்புளத்தின் மேல் பிளாஸ்திரி. அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. முடியை ஒதுக்கிக் காதைக் காட்டினேன். எல்லாம் சொன்னேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். மூன்றே கேள்வி கேட்டாள். எந்தக் காது? முடி மாட்டினப்போ முகம் எந்தப் பக்கம் பாத்திருந்துச்சு? வேற யாருக்குத் தெரியும்?

"யாருக்கும் தெரியாது" என்றேன். அப்பாவைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை.

நாலு மணிகூட ஆகவில்லை. போனை எடுத்தாள். "கின்டானா, நோரீன். என் பொண்ணோட கம்மல் உள்ள விழுந்திருக்கு. திறக்கணும்." அந்தப் பக்கம் அவர் ஏதோ கேட்டார். பிறகு அம்மா, "ஆமா. தெரியும். கையெழுத்து என்னோடது" என்றாள். போனை வைத்துவிட்டு முகம் கழுவினாள். கண்ணாடியில் என்னைப் பார்த்து, "ஷூ போடு. நீயும் வரணும். எங்க மாட்டிச்சுன்னு உனக்குத்தான் தெரியும்" என்றாள்.

பிப்ரவரி 15, ஞாயிறு

நேற்றைய நாளை எழுதிவிட வேண்டும். மறக்கக் கூடாது.

கிளம்பும் முன் அப்பா நடைவழியில் நின்றார். அம்மா சொன்னதைக் கேட்டார். "நான் ஓட்டறேன்" என்று மட்டும் சொன்னார்.

நாங்கள் போனபோதே பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள், அந்த நேரத்தில், சனிக்கிழமையில். ஒருத்தர் பைஜாமாவின் மேல் கோட்டு. கூட்டம் போடவில்லை, கடிதம் எழுதவில்லை, யாரையும் அனுமதி கேட்கவில்லை. கின்டானா சுவரில் ஒரு தாளை ஒட்டி, தன் கையால் முதல் வரி எழுதினார்: 'தொப்பியைக் கழற்றச் சொன்னவன் நான்.' அதன் கீழே பெயர், நேரம். இரண்டாவது வரி அம்மா எழுதினாள். மூன்றாவதை என்னிடம் நீட்டினார்கள். 'எனக்கு மூன்று கம்மல் இருந்தது. இரண்டு என்று சொன்னேன்.' எழுத்துக் கோணலாக வந்தது.  இதுதான் அங்கே வழக்கமாம். யார் செய்தது என்று தேடி நேரம் போகக் கூடாது என்பதற்காக, செய்தவர்களே முதலில் எழுதிவிட வேண்டும்.

அம்மாவைத் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். அவள் கட்டிய முடிச்சுகளை மற்றவர்கள் தொடுவதை அங்கிருந்தே பார்த்தாள். பன்னிரண்டு திருகும் கழன்றன. என் தலையில் துணி சுற்றி, அதன் மேல் டேப் ஒட்டி, மறுபடி உள்ளே விடச் சொன்னார்கள். "இங்கேயா? இன்னும் இடது பக்கமா?" மூக்கு எதற்கு நேராக இருந்தது என்று நான் சொல்லச் சொல்ல, ஒரு பெண் அதைப் படமாக வரைந்தாள்.

பிறகு பாம்பு மாதிரி வளைகிற ஒரு கேமரா. காந்தம் பயன்படவில்லை, என் கம்மல் காந்தத்தில் ஒட்டாத எஃகு. ஏழு மணி நேரம். யாரோ வேகவைத்த நிலக்கடலை கொண்டுவந்தார்கள், யாரும் தோலைக் கீழே போடவில்லை, எண்ணிப் பையில் போட்டார்கள். இவர்கள் கடலைத் தோலைக்கூட எண்ணுகிறார்கள். நான் ஒரு கம்மலை எண்ணவில்லை.

பதினொன்றரைக்குப் படம் வரைந்த அந்தப் பெண், "நிறுத்து. பின்னாடி போ. அங்க" என்றாள். திரையில் ஒரு தாங்கியின் விளிம்பில் வெள்ளைப் புள்ளி. அது மினுங்கியது.

யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டது மட்டும் கேட்டது. இடுக்கியால் எடுத்து, பையில் போட்டு, தாளில் நேரம் எழுதினார்கள். அதன் திருகாணியையும் தேடி எடுக்க இன்னும் நாற்பது நிமிடம்.

நான் கின்டானாவிடம் கேட்டேன்: "நான் சொல்லாம இருந்திருந்தா?"

"தெரியாது பாப்பா. ஒண்ணுமே ஆகாம போயிருக்கலாம். திங்கக்கிழமை நிமித்தும்போது எங்க உருண்டிருக்கும்னு யாருக்குத் தெரியும்?" கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "அந்தத் 'தெரியாது'தான் எனக்குப் பிடிக்காத வார்த்த."

வெளியே அப்பா காரிலேயே உட்கார்ந்திருந்தார். அந்த ஏழு மணி நேரமும்.

பிப்ரவரி 17, செவ்வாய்

விளைவுகள். ஒவ்வொன்றாக வருகின்றன.

திறந்ததை மூடினால் எல்லாச் சோதனையும் மறுபடி செய்ய வேண்டும். ஆறு நாள். அதனால் 19-ஆம் தேதி போய்விட்டது. இந்தக் கடற்கரையில் நினைத்த நாளில் ராக்கெட் விட முடியாது. கடலையும் வானத்தையும் காலி செய்து தருவது ஏவுதள அலுவலகம், அங்கே வரிசை. 24 முதல் 28 வரை அரசு ராக்கெட்டுக்கு, அதாவது அப்பாவுடையதற்கு. அதற்குப் பிறகு சாண்டர்லிங்குக்குக் கிடைத்த நாள் மார்ச் 12. சம்பளத்துக்குப் பணம் இருப்பது 28 வரை.

அம்மாவின் பேட்ஜை வாங்கிக்கொண்டார்கள். ஏப்ரல் 18 வரை, அறுபது நாள், பறக்கப் போகிற எதையும் தொடக் கூடாது. வேலை போகவில்லை. "விதி. நானே அந்த விதிக்கு ஓட்டுப் போட்டேன்" என்றாள். பிறகு, "மார்ச்சுல கம்பெனி இருந்தாத்தானே பேட்ஜ்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

எனக்கு ஒரு வருடம் போன் கிடையாது. அதைச் சொல்லும்போது மட்டும் பழைய அம்மா மாதிரி இருந்தாள்.

பிப்ரவரி 18, புதன்

சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு. எல்லாம் கேட்டது.

"அவ வியாழக்கிழமையே என்கிட்ட சொன்னா நோரீன். நான்தான் வாய மூடச் சொன்னேன்."

கட்டில் கிறீச்சிட்டது, அம்மா எழுந்து உட்கார்ந்திருப்பாள். 

"நீயா?" என்றாள். "மூணு வாரம் நிறுத்தினேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியற நீயா?"

"அப்ப நிறுத்தினதால என் வீட்டுல யாருக்கும் எதுவும் போகல."

கதவு திறந்து மூடியது. பிறகு கூடத்துச் சோபாவின் சத்தம். அப்பா அங்கே படுத்துவிட்டார் போலிருக்கிறது.

பிப்ரவரி 19, வியாழன்

இன்று பறந்திருக்க வேண்டிய நாள். வானம் அத்தனை சுத்தம். எரிச்சலாக இருந்தது.

அப்பா மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். டையைத் தளர்த்தாமல் சமையலறையில் நின்றார். அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"காலைல கூட்டம்" என்றார். அவர்கள் கூட்டத்தில் ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிடுவார்கள், ஒவ்வொருவரும் தயார் என்று சொல்ல வேண்டும். அவர்கள் ராக்கெட்டில் ஒரு வால்வு ஒழுகுகிறது. 24-க்குச் சரியாகாது என்று அறையில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியுமாம். ஆனால் முதலில் வாயைத் திறக்கிறவர்களால்தான் தேதி போனது என்று ஆகிவிடும். அதனால் கடைசி நாள் வரை தேதியைப் பிடித்துவைத்துக்கொண்டு எல்லோரும் தயார், தயார் என்பார்கள். எத்தனையோ முறை அப்படி நடந்திருக்கிறதாம். அவரும் சொல்லியிருக்கிறாராம்.

"என் பேரு வந்துச்சு. தயார் இல்லன்னேன்."

கத்தி நின்றது.

"எல்லாரும் தாளப் புரட்டுனாங்க. அப்புறம் எனக்கு அடுத்த ஆளு, எரிபொருள் பிரிவு, அவளும் தயார் இல்லன்னா. அதுக்கப்புறம் வரிசையா. பதினொரு பேரு. எல்லாருமே இதுக்குத்தான் காத்திருந்த மாதிரி. தேதிய விட்டுட்டாங்க."

"எங்களுக்காகவா?" என்றாள் அம்மா.

"இல்ல. வால்வு நிஜமாவே ஒழுகுது."

அம்மா கண்ணைத் துடைத்தாள். வெங்காயம் என்றாள். நான் அந்தப் பதினொரு பேரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். எவ்வளவு பெரிய ராக்கெட், எத்தனை ஆயிரம் பேர், எத்தனை வருடம். அத்தனை கனத்தையும் வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்வதற்கு என்ன தைரியம் வேண்டும். அதுவும் ஒரு வகையில் பறப்பதுதான்.

ஆனாலும் இன்று இரவும் அப்பா சோபாவில்தான்.

பிப்ரவரி 20, வெள்ளி

26-ஆம் தேதி, காலை 9:40. சாண்டர்லிங்குக்கு.

பிப்ரவரி 26, வியாழன்

பள்ளிக்குப் போகவில்லை. அம்மாவுக்குக் கட்டுப்பாட்டு அறையில் இடமில்லை. ஆற்றங்கரைப் பூங்காவில், மடக்கு நாற்காலிகளோடு வந்த வேடிக்கைக்காரர்களுக்கு நடுவே நின்றோம். பக்கத்தில் ஒரு ஆள் பைனாகுலரோடு தன் மனைவியிடம், "இது அந்தக் குருவிக் கம்பெனி. விழத்தான் போகுது, கேமராவத் தயாரா வச்சுக்கோ" என்றார். அப்பா அவரை நோக்கித் திரும்பினார். அம்மா அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஒரு வாரத்தில் அவள் அவரைத் தொட்டது அதுதான் முதல் முறை.

முதலில் வெளிச்சம். சத்தமே இல்லாமல். ஆற்றின் மறுகரையில் இன்னொரு சூரியன் எழுந்த மாதிரி. பெலிக்கன்கள் எல்லாம் ஒன்றாக எழும்பின. அதற்கப்புறம்தான் சத்தம் வந்து நெஞ்சில் இடித்தது. பிறந்ததிலிருந்து எத்தனையோ பார்த்திருக்கிறேன். பல நாள் எழுந்துகூடப் பார்த்ததில்லை. இன்று முதல் முறையாக அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்து பார்த்தேன். முடிச்சு முடிச்சாக.

இரண்டு நிமிடம் முப்பது நொடியில் கட்டம் பிரிய வேண்டும். அங்கேதான், நான் தலையை விட்ட இடத்தில். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். வலித்தது. நான் எண்ணினேன். வானத்தில் ஒரு புள்ளி இரண்டானது.

"பிரிஞ்சிருச்சு" என்றார் அப்பா. 

அதற்கப்புறம் போன் திரையில்தான் எல்லாம். ஏழு நிமிடம். ஒன்பது நிமிடம். பிறகு ஒரு பெண் குரல், அமைதியாக, மளிகைக் கடையில் பில் படிக்கிற மாதிரி, சுற்றுப்பாதையை அடைந்துவிட்டதாகச் சொன்னது. அதன் பின்னால் தொண்ணூறு பேர் கத்தினார்கள். இல்லை, எண்பத்தொன்பது.

அம்மா புல்லில் உட்கார்ந்துவிட்டாள். பைனாகுலர் ஆள் பயந்துபோய், "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்றார்.

"நல்லாருக்கேன்" என்றாள் அம்மா. "அதுல கம்பி கட்டினது நான்."

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

மார்ச் 8, ஞாயிறு

பாராசூட்டில் கடலில் இறங்கிய முதல் கட்டத்தைப் படகில் இழுத்துவந்து துறைமுகத்துக் கொட்டகையில் படுக்க வைத்திருக்கிறார்கள். பணம் வந்துவிட்டது, கம்பெனி இருக்கிறது. இனி இதே கட்டத்தை மறுபடி பறக்க விட வேண்டும். அப்போதுதான் அந்த ஆறாயிரம் டாலர் என்பது பேச்சாக இல்லாமல் உண்மையாகும். பேட்ஜ் இல்லாதவர்களுக்கு அங்கே ஒரே வேலை, கரியும் உப்பும் தேய்த்துக் கழுவுவது. அம்மா ஒரு வாரமாக அதைத்தான் செய்கிறாள், ஏப்ரல் 18-இல் பேட்ஜ் திரும்பக் கிடைக்கும் வரை அதுதான்.

இன்று அப்பாவும் வந்தார், எதிரி முகாமுக்குள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றினார். வெள்ளையாக இருந்தது இப்போது அடுப்படிச் சுவர் மாதிரி. ஓர் இடத்தில் நின்று, எதையும் தொடாமல், மூக்கை மட்டும் கிட்டே கொண்டுபோய் முகர்ந்தார்.

"எங்களோடது எதுவும் இப்படித் திரும்பி வந்து நான் பாத்ததில்ல" என்றார், யாரிடமும் இல்லாமல்.

கொட்டகைப் பலகையில் வேலை அட்டவணை எழுதியிருந்தது. அப்பாவால் பலகையைப் படிக்காமல் இருக்க முடியாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிசை வரிசையாகப் பார்த்தார். "கின்டானா, ஒரு சந்தேகம். கழுவறது, எஞ்சின் சோதனை எல்லாம் ஏப்ரல் எட்டுக்கே முடியுது. கம்பி வேலை இருபதாம் தேதிதான் ஆரம்பம்னு போட்டிருக்கு. நடுவுல பன்னெண்டு நாள் சும்மா கிடக்குதே?"

"ஆமா சார்."

"பன்னெண்டு நாளு. உங்க கம்பெனிக்கு அது எவ்வளவு செலவுன்னு தெரியுமா?"

"தெரியும் சார். பைசா வரைக்கும் தெரியும். எல்லார்கிட்டயும் கேட்டுட்டுத்தான் போட்டோம்" என்றார் கின்டானா. பேனாவைக் கயிறோடு சட்டைப் பையில் செருகிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

அப்பா மறுபடி பலகையைப் பார்த்தார். பிறகு அம்மாவை.

அம்மா எங்கள் பக்கம் திரும்பவில்லை. வாளியில் துணியை நனைத்துப் பிழிந்து, முன்பைவிட அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தாள்.